ஆணி நகர்ந்த பக்கம்

துளை போடும் மெஷின் வந்து இறங்கிய அன்று காலை எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரியின் பழைய வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று மாடி உயரத்துக்கு அந்த இரும்புப் பூதம் நிற்கிறது. புதுக் கட்டடத்துக்கான தூண்குழியை இன்னும் சற்று நேரத்தில் அது துளைக்கப் போகிறது. எந்த இடத்தில் துளைக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று எண்களை எழுதிக் கொடுத்தவள் நான்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அகழாய்வு என்றால் அழிப்பது. ஒரு அடுக்கு மண்ணை எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அதைத் திரும்ப அடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. மிஞ்சுவது நாம் எடுத்த அளவும் படமும் குறிப்பும் மட்டுமே. அந்தப் பதிவுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. அந்த இடத்தில் காகிதத்தை ஒழித்தவளும் நான்தான். குழிக்கு ஒரு டேப்லெட், பைக்கு ஒரு ஸ்டிக்கர், ஸ்கேன் செய்யாமல் ஒரு பானை ஓட்டுத்துண்டுகூட நகரக் கூடாது. சாயங்காலம் எல்லாம் என் கணினியில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். அது உட்காராவிட்டால் நான் யாரையும் உட்கார விடமாட்டேன்.

முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘சைரன்’ என்று பெயர். தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று அப்போது நினைத்தேன்.

டேப்லெட்டில் நாள்தோறும் நிரப்பும் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: ‘இன்று ஏதாவது பிரச்சினை உண்டா?’ ‘ஆம்’ என்று தொட்டால் அந்த நொடியே என் கைபேசி அலறும். அது அலறினால் நான் அலறுவேன். வேலை தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள்வரை எல்லோரும் ‘இல்லை’ என்றே தொட்டார்கள். அந்த வரிசையைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிரும். எவ்வளவு ஒழுங்கான ஆட்கள் என்று எங்கள் அகழாய்வு டைரக்டரிடம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

அளக்கும் மெஷின் என் தம்பியின் பொறுப்பு. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர், வேலையிடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. மூன்று கால் ஸ்டாண்டை ஒரு ஆணிக்கு நேர் மேலே நிறுத்துவான். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டியிருக்கும் குறியை ஒரு முறை பார்ப்பான். அதன்பின் குழிக்குள் எந்தப் பொருள்மேல் உச்சியில் கண்ணாடி பொருத்திய கோலை வைத்தாலும் அது எங்கே இருக்கிறது என்பதை மெஷின் சொல்லிவிடும். எல்லா எண்ணும் அந்த ஆணியிலிருந்துதான் பிறக்கிறது. சிமெண்ட் விளிம்பின் ஓரத்தில் அடித்த, சுண்டுவிரல் நீள ஆணி. அதன் பக்கத்தில் யாராவது போனாலே நான் கத்துவேன்.

அந்த இடம் பழங்காலத்து இடுகாடு. பெரும்பாலான புதைகுழிகளைத் திறந்து எலும்புகளை எடுத்துவிட்டோம். கடைசியில் இரண்டு மட்டும் பாக்கி. மரத்துப் பக்கம் ஒன்று, கேட் பக்கம் ஒன்று. கேட் பக்கத்துக் குழியில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் முழங்கையின் மடிப்புக்குள் ஒரு கைக்குழந்தை. பல்கூட முளைக்காத குழந்தை. எடுக்க அவகாசம் தரமாட்டோம் என்று கட்டடக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு, இரண்டு குழிக்கும் நடுவிலே இருக்கிற இடைவெளியில் தூணை இறக்கும்படி வரைபடத்தை மாற்ற வைத்தேன். மேலே கட்டடம் வந்தாலும் கீழே அவர்கள் பாட்டுக்குத் தூங்கட்டும். வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஆற்றுமணலைப் போட்டு மூடியது நானே. குழந்தையின் மேல் மணலைக் கையால்தான் தூவினேன், மண்வெட்டியால் தள்ள மனம் வரவில்லை. எனக்குப் பிள்ளை கிடையாது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சின்னவன் முகம் சரியில்லை. ஒரே வீடுதான்; நான் கீழே, அவனும் அவன் மனைவியும் மகளும் மாடியில். படியில் நின்று அவன் மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “டேய், சார்ஜ் போட்டியா? பேட்டரி எங்கடா?” என்று என்னைப் போலவே கத்திக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் மனைவி, “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, எங்கதான் கத்துக்கிறாளோ” என்று சங்கடத்தோடு பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சின்னவன் மட்டும் சிரிக்கவில்லை. தூக்கம் போதவில்லையோ என்று விட்டுவிட்டேன்.

வேலையிடத்தில் எங்கள் ஆட்களில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். கூடாரத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியில் மண் தள்ளுகிற அண்ணன், தன் வண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வேலை முடிகிற நாள் என்பதால் அவருக்கும் கொஞ்சம் வாய் திறந்தது.

“ஒரு வழியா முடிஞ்சுது மேடம். உங்ககிட்ட திட்டு வாங்காம முடிச்ச ஒரே ஆள் நான்தான்.”

“எண்ணி வச்சிருக்கீங்களாண்ணே?”

“பின்ன? ஒரே ஒரு தடவை மாட்டிருப்பேன். அந்த ரெண்டு குழியத் தொறந்தோமே, அதுக்கு முந்தின நாள். வண்டி சறுக்கி உங்க ஆணியில ஏறிருச்சு. சிமெண்டு பேந்து ஆணி கையோட வந்துருச்சு. எனக்கு உசுரே இல்ல. நல்ல வேளை, சின்னவர்தான் ‘கெடக்கட்டும்ணே, அக்காகிட்ட சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்’னு சொல்லித் திருப்பி அடிச்சுட்டாரு. தங்கமான மனுஷன்.”

நான் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினேன்.

“அதே ஓட்டையிலயா அடிச்சான்?”

“அங்கதான் பேந்துருச்சே மேடம். பக்கத்துல நல்ல எடமாப் பாத்து அடிச்சாரு. ஒரு முழம் தள்ளி இருக்கும்.”

“எந்தப் பக்கம்? மரத்துப் பக்கமா, கேட் பக்கமா?”

என் குரல் எகிறியதும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. “நான் வண்டிய நிமுத்திக்கிட்டு இருந்தேன் மேடம். கவனிக்கல” என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

ஆணி ஒரு முழம் நகர்ந்தது அளக்கும் மெஷினுக்குத் தெரியாது. அது பழைய இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு அளக்கும். அதன்பிறகு அளந்தது எல்லாமே ஒரு முழம் பொய். அந்த இரண்டு புதைகுழிகளும் என் திரையில் தெரிகிற இடத்தில் இல்லை. ஆணி எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கிடக்கின்றன. நான் மேசையைத் தட்டி வாங்கிய இடைவெளி இடைவெளியே இல்லை.

ஆணியைப் பார்க்க ஓடினேன். எங்கே ஆணி? துளை மெஷின் நிற்பதற்கு மேடை போடுகிறோம் என்று சிமெண்ட் விளிம்பையே வழித்தெடுத்து ஜல்லி கொட்டியிருந்தார்கள்.

கூடாரத்துக்குள் போய் கணினியைத் திறந்தேன். கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போயிற்று. புதைகுழிகளின் முப்பரிமாண உருவம் திரையில் வந்தது. நூற்றுக்கணக்கான படங்களைக் கோத்துச் செய்தது. சுற்றிப் பார்க்கலாம், நெருங்கிப் பார்க்கலாம், குழந்தையின் விலா எலும்புகளை எண்ணலாம். பிழை எவ்வளவு என்ற இடத்தில் மெச்சத்தகுந்த சின்ன எண். இருக்காதா பின்னே? அந்த உருவத்தை நிறுத்திவைத்த புள்ளிகளையும் அதே மெஷின்தான் அளந்தது. எல்லாம் ஒன்றாக நகர்ந்தால் ஒன்றுக்கொன்று எப்படிப் பிசகும்? இவ்வளவு அழகான பொய்யை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

படங்களைப் புரட்டினேன். யாராவது, எங்காவது, அந்த ஸ்டாண்ட் நிற்கிற இடம் தெரிகிற மாதிரி ஒரு படம். ஒன்றே ஒன்று போதும், பின்னால் ஒரு சுவரோ மரமோ தெரிந்தால் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். இல்லை. படத்தில் ஆள் விழக் கூடாது, மெஷின் விழக் கூடாது, நிழல்கூட விழக் கூடாது என்று சட்டம் போட்டவள் யார்? சொந்தக் கைபேசியை வேலை நேரத்தில் எடுத்தால் பிடுங்கி வைத்துக்கொண்டவள் யார்? ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர் வருமென்று மேலிருந்து எடுக்கும் டிரோனுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. கைபேசியின் இடம்காட்டி தெருவைக் காட்டும், முழத்தைக் காட்டாது. ஆயிரக்கணக்கில் படம். அத்தனையும் சுத்தம்.

டைரக்டரை அழைத்தேன். விமானத்தில் இருப்பார், எடுக்கவில்லை. தலைமை அலுவலகத்தில் ஒரு பெண் மிகவும் கனிவாக, எழுத்தில் அனுப்புங்கள், கூட்டம் நடக்கும்போது வைக்கிறோம் என்றாள். “அதுக்குள்ள அங்க தூணே எழும்பிடும்மா” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவள்மேல் என்ன தப்பு?

வெளியே மெஷின் உறும ஆரம்பித்துவிட்டது. கட்டடக்காரர்களின் இன்ஜினியரிடம் ஓடினேன். நல்ல மனிதர். கூட்டத்தில் என்னோடு மல்லுக்கு நின்றவர், ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர்.

“சார், ஒரு நாள் நிறுத்துங்க. ஒரே ஒரு நாள். மேல போட்ட ஜல்லியை எடுத்துட்டு நான் பாத்துடறேன்.”

“மேடம், மேடையப் பிரிச்சா மெஷினே நிக்காது. நிறுத்தறது என் கையில இல்ல. என்ன ஆச்சு?”

சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அரை மீட்டர் வரைக்கும் நான் என் பொறுப்புல நகர்த்தலாம். அதுக்கு மேல போனா டிசைன் மாறிடும். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க.”

“நகர்த்தாம விட்டா?”

“நீங்க சொல்ற கணக்குப்படி ஏதாவது ஒரு குழியோட ஓரத்துல உரசும். தப்பான பக்கம் நகர்த்தினா அந்தக் குழிக்கு நடுவுலயே போகும். சரியான பக்கம்னா ரெண்டுமே தப்பிச்சுது. சீக்கிரம் சொல்லுங்க மேடம், கம்பி இறங்கிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.”

சின்னவன் வேனுக்குப் பக்கத்தில் அளக்கும் மெஷினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். நான் வருகிற வேகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெட்டியை மூடாமல் எழுந்து நின்றான்.

“ஆணிய எங்கடா அடிச்ச?”

அவன் கையைச் சட்டையில் துடைத்தான்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? எங்கடா அடிச்ச? மரத்துப் பக்கமா, கேட் பக்கமா?”

“அக்கா, அது…”

“அதான் எது? ஒரு முழம் தள்ளி அடிச்சிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி ‘இல்லை’ன்னு தொட்டிருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா? அங்க ஒரு பச்சக் கொழந்த கெடக்குடா. மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு. எந்தப் பக்கம்?”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கூடாரக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை அப்படியே பிடித்தபடி நின்றார்கள். சின்னவன் அந்த ஜல்லி மேட்டைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

“கேட் பக்கம்” என்றான்.

“நிச்சயமா?”

“நிச்சயமா. கேட் பக்கந்தான்க்கா.”

அப்பாடா என்றிருந்தது. உண்மையாகவே போன உயிர் திரும்பி வந்தது. ஆணி கேட் பக்கம் போயிருந்தால் புதைகுழிகளும் கேட் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கிடக்கும், தூணையும் கேட் பக்கமே நகர்த்திவிட்டால் மறுபடி இரண்டுக்கும் நடுவிலே வந்துவிடும். திரும்பி ஓடினேன். “கேட் பக்கம் சார், கேட் பக்கம்” என்று கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். இன்ஜினியர் தன் ஆளிடம் சொன்னார். அவன் நாடாவை இழுத்து அளந்து சுண்ணாம்பால் புதுக் குறி போட்டான். மெஷின் முனகிக்கொண்டே சங்கிலிக் காலால் நகர்ந்து, குறிக்கு மேலே வந்து நின்றது.

இன்ஜினியர் என் தோளைத் தட்டி, “விடுங்க மேடம், தப்பிச்சுட்டாங்க உங்க ஆளுங்க” என்றார்.

துளைக் கம்பி திருகிக்கொண்டு இறங்கியது. முதலில் ஜல்லி தெறித்தது. பிறகு அவர்கள் போட்ட செம்மண் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஏறியது. அதன்பின் பழைய கறுப்பு மண் வர வேண்டும். தொடாத மண், கட்டி கட்டியாக. நான் அதற்காகக் காத்திருந்தேன்.

மணல் வந்தது.

வெளுத்த, சலித்த ஆற்றுமணல். அந்த இடம் முழுவதிலும் இரண்டு இடத்தில்தான் அப்படி மணல் உண்டு, இரண்டிலும் கொட்டியது நாங்கள். “நிறுத்துங்க” என்று கத்தினேன். சைரன் என்று பெயர் வாங்கிய தொண்டை, அந்த மெஷினின் இரைச்சலுக்கு முன்னால் செல்லாக்காசு. இன்ஜினியர் கையை உயர்த்தி, ஓட்டுநர் பார்த்து, நிறுத்துவதற்குள் கம்பி இன்னும் ஒரு ஆள் ஆழம் போய்விட்டது. அதன் திருகில் வெள்ளைத் துணி கிழிந்து சுற்றியிருந்தது.

கம்பியை மேலே தூக்கி, உதறி, மண்ணைக் கொட்டினார்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்து கையால் அளைந்தேன். பெரிய எலும்புகள் சில்லுச் சில்லாய் இருந்தன. சின்னது என்று எதுவும் அகப்படவில்லை. குழந்தை எலும்பு காகிதம் மாதிரி, அந்தத் திருகில் போனால் மாவுதான். ஒரே ஒரு துண்டு, தீக்குச்சி அளவு, வளைவாக என் உள்ளங்கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எண் போட வேண்டுமா, பை எடுக்க வேண்டுமா, ஒன்றும் ஓடவில்லை.

“மேடம்” என்றார் இன்ஜினியர். “நகர்த்தாம இருந்திருந்தா…”

“ஓரத்துல உரசியிருக்கும்” என்றேன். “தெரியும் சார்.”

ஆணி மரத்துப் பக்கம் போயிருக்கிறது, குழிகளும் அந்தப் பக்கமே கிடந்திருக்கின்றன; நாங்கள் தூணைத் தாயும் குழந்தையும் கிடந்த இடத்துக்கே நகர்த்தியிருக்கிறோம். இப்போது ஐயமே இல்லை.

சின்னவன் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டேன்.

“கேட் பக்கம்னு சொன்னியேடா.”

அவன் கால் ஜல்லியில் உரசியது.

“பொய் சொன்னியா?”

“பொய் இல்லக்கா.” அவன் குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. “எனக்கு ஞாபகமே இல்ல. அன்னிக்கே பதட்டத்துல எங்க அடிச்சேன்னு பாக்கல. நீ வந்துடுவியோன்னு அவசரம். அதுக்கப்புறம் எத்தன நாள் படுத்துக்கிட்டு யோசிச்சேன் தெரியுமா, வரவே இல்ல.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நீ கேட் பக்கமா மரத்துப் பக்கமான்னுதான் கேட்ட.”

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேள்வித்தாளில் இருந்ததை ஒப்பிப்பது மாதிரி சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது. ஒரு வார்த்தை, தெரியவில்லை என்கிற ஒரே வார்த்தை, அவன் வாயிலிருந்து வந்திருந்தால் நான் தூணை நகர்த்தியிருக்க மாட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல முடியாத இடமாக நான் அந்த இடத்தை வைத்திருந்தேன். வீட்டையும் அப்படித்தான் வைத்திருக்கிறேனோ?

எழுந்து நின்றேன். கையில் அந்தத் துண்டு இருந்தது. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும். உன்மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும், இல்லை, தப்பு உன்மேலும்தான் என்று சொல்ல வேண்டும், வா வீட்டுக்குப் போகலாம் என்றாவது சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தேன். முப்பது தாண்டிய ஆள், ஒரு பெண்ணுக்கு அப்பன், அத்தனை பேர் பார்க்க, அடி விழப் போகிறவன் மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.